லூக்காஸ் பட்டை உரித்த முனிமரம்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல்பிரிவில் வாழ்ந்த லூக்காஸ், பயப்படுவதில் யாருக்கும் இளைத்தவர் அல்லர். ஏதாவது நேர்ந்த பிறகு பயப்படுவது உலக வழக்கம். லூக்காஸ் நேராததற்கும் சேர்த்து முன்கூட்டியே பயந்து வைப்பார், அவசரத்துக்கு உதவும் என்று. அட்டைக்குப் பயந்தார், இடிக்குப் பயந்தார், மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையாவுக்குப் பயந்தார். கண்டாக்கையா வீட்டில் படுத்திருக்கும்போது ஆணியில் தொங்கும் அவருடைய தொப்பிக்கும் தனியாகப் பயந்தார். நாற்பத்தெட்டாம் வருஷம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தாத்தனைத் தேயிலைக்குக் கீழே புதைத்தவர்களைப் பார்த்து நீங்கள் எந்த நாட்டார் என்று சர்க்கார் கேட்டபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே கொதித்தது. லூக்காஸ் மட்டும், "எந்த நாடுன்னு சொன்னா அய்யாமாருக்கு மனசு குளுருமுங்க?" என்று பணிவாக விசாரித்தார்.

இத்தனை பயங்களுக்கும் தலைமை வகித்தது முனியாண்டிப் பயம்.

லயத்தின் முதுகுப்பக்கம் செங்குத்தான மேடு. மேட்டின் விளிம்பில், காடு முடிகிற இடத்தில், பெரிய வாகை மரம் ஒன்று நின்றது. லயத்தைப் பார்த்த பக்கம் அதன் அடியில் ஒரு கல், ஒரு சூலம், எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு விளக்கு. அதுதான் முனியாண்டி. மரத்தின் கிளைகள் லயத்துத் தகரக்கூரைக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு நின்றன. இருப்பதிலேயே தடித்த கை, கடைசிக் காம்பராவுக்கு நேர் மேலே. அந்தக் காம்பராவில்தான் லூக்காஸும் மனைவி மதலேனாவும் கைக்குழந்தை றோசாலியும் குடியிருந்தார்கள். வேதக்காரர்கள் முனிக்குப் பயப்படத் தேவையில்லை என்று சாமியார் பிரசங்கத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால் சாமியார் லுணுகலையில் இருந்தார். முனி தலைக்கு மேலே இருந்தார். ஆகவே லூக்காஸ் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகக் கடந்துவிடுவார். பிறந்த நாளிலிருந்து அந்த லயத்திலேயே இருந்தும் மரத்தை அவர் ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. பக்தியாகவும் இல்லாமல் துணிச்சலாகவும் இல்லாமல் நடுவில் நின்றதற்கு அவர் பெற்ற தண்டனைதான் இந்தக் கதை.

ஐம்பத்தேழாம் வருஷம் தோட்ட நிர்வாகியான பெரியதொரை, லயத்துக்கு மேலே இருந்த காட்டை எடுத்துப் புதுத் தேயிலை போட முடிவு செய்தார். பச்சை மரத்தை அப்படியே வெட்டினால் வேர் மண்ணுக்குள் கிடந்து அழுகும், அந்த அழுகல் தேயிலைக்கும் தொற்றும் என்று அவர் எதிலோ படித்திருந்தார். அதற்கு மருந்தும் அதிலேயே இருந்தது. மரத்தின் இடுப்பில் முழ அகலத்துக்குச் சுற்றிவரப் பட்டையை உரித்துவிட வேண்டும். இலை சமைத்த சாப்பாடு வேருக்கு இறங்காது. வேர் பட்டினி கிடந்து சாகும், மரம் நின்ற நிலையிலேயே காயும். வெட்டுவது பிறகு, ஆறுதலாக. ஜனங்களைப் பட்டினி போட்டு வேலை வாங்கிப் பழகியிருந்த நிர்வாகத்துக்கு இந்த முறை ஒரே தடவையில் விளங்கிவிட்டது.

லூக்காஸ் கையைக் கட்டிக்கொண்டு போய் அந்த வேலையைக் கேட்டு வாங்கினார். கோடரி வேலை என்றால் மரம் மேலே விழும். பட்டை உரித்தால் மரம் நின்றபடியே, சத்தம் போடாமல், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் சாகும். இவ்வளவு மரியாதையான மரத்திடம் என்ன பயம் என்று அவர் நினைத்தார். அவர் வாழ்நாளில் பயப்படாமல் எடுத்த ஒரே முடிவு இது.

கண்டாக்கையா இரகுநாதன் யாழ்ப்பாணத்து மனிதர். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில், அத்தனை பேருக்கும் முன்னால், லூக்காஸைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஓய் லூக்காஸ், வடிவாக் கேளும். சாக வேண்டிய மரம் எல்லாத்துக்கும் இடுப்பில சுண்ணாம்பு வளையம் போட்டிருக்கிறன். வளையம் உள்ளது மட்டும்தான். மற்றதில கத்தி பட்டுதோ, நான் பொல்லாதவன். விளங்கிச்சோ?"

"வெளங்குச்சுங்க. வளையம் இருந்தா உரிக்கணும், இல்லாட்டி கும்பிட்டுட்டுப் போயிரணுங்க."

"கும்பிடச் சொல்லேல்லை."

"நானாத்தான் கும்பிடுவேனுங்க."

பெரட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். சடையன் கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. அவர் மேல்பிரிவின் கங்காணி. முனியாண்டிக்குப் பூசாரியும் அவரே. காலையில் பெயர் கூப்பிடுவதும் அவர் வாய், மாலையில் திருநீறு கொடுப்பதும் அவர் கை. இந்த மனிதரைப் பகைத்தால் இகத்துக்கும் வழியில்லை, பரத்துக்கும் வழியில்லை.

முனியாண்டியின் பங்குனித் திருவிழா முடிந்து சில நாட்கள் இருக்கும். மலையில் கை நீட்டினால் விரல் தெரியாத பனிமூட்டம். லூக்காஸ் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு காட்டின் மேல்கோடியிலிருந்து ஒவ்வொரு மரமாக உரித்துக்கொண்டே இறங்கினார். மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, நடுவில் நெட்டுக்கு ஒரு கீறல். கத்தி முனையை விட்டு நெம்பினால் பட்டை ஈரச் சத்தத்தோடு கழன்றுவரும். உள்ளே மரம் வெள்ளையாக, வழவழவென்று, குளிப்பாட்டிய பிள்ளை மாதிரி இருக்கும். அந்த வழவழப்பையும் சுரண்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மரம் அதைப் பிடித்துப் பிழைத்துக்கொள்ளும். லூக்காஸ் ஒட்டவைக்கவில்லை. கண்டாக்கையாவுக்குப் பயந்து, மிகச் சுத்தமாகக் கொன்றார்.

கடைசியில் ஒரு பெரிய மரம் பனிக்குள்ளிருந்து வந்து முன்னால் நின்றது. இடுப்பில் சுண்ணாம்பு வளையம். லூக்காஸ் வேலையைத் தொடங்கினார். மேட்டுப்பக்கமிருந்து தொடங்கி, மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி, முகத்தைப் பட்டையில் ஒட்டவைத்துக்கொண்டு சுற்றி வந்தார். கடைசிப் பட்டையைப் பிடித்து இழுத்தார். அது தாராளமாக, ஒரே நீளமாக, கையோடு வந்தது. இழுத்த வேகத்தில் ஓரடி பின்னால் வைத்தார். குதிகாலில் ஏதோ இடறிக் கவிழ்ந்தது.

விளக்கு.

லூக்காஸ் மெல்லத் திரும்பினார். கல். சூலம். கல்லுக்கு மேலே, மரத்தில், வெட்டின் விளிம்பில், திருவிழாவுக்குப் பூசிய வெள்ளை வளையத்தின் மிச்சமும், மழையில் கரைந்து மிஞ்சிய காவிக் கோடும். இதுவரை கண்ணை மூடிக்கொண்டு கடந்த மரத்தை முதல்முறையாகக் கண்ணைத் திறந்து பார்த்தார். மரம் இடுப்பில் துணியில்லாமல் நின்றது.

அந்த நேரத்தில் அவருடைய வாயிலிருந்து வந்த ஜெபத்தில் அந்தோனியாரும் முனியாண்டியும் ஒரே வரியில் இருந்தார்கள். உரித்த பட்டைகளைப் பொறுக்கி எடுத்து மரத்தில் ஒட்டிப் பார்த்தார். மண்ணைக் குழைத்து அப்பினார், பாசியைப் பிடுங்கி அப்பினார். கொடியால் கட்டினார். செய்து முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், கொலை செய்யப்பட்டவருக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருந்தது. ஓடிப்போய்க் காம்பராவுக்குள் நுழைந்து, கொடியில் தொங்கிய சிவப்புச் சேலையை உருவிக்கொண்டு வந்து, மரத்தின் இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிந்தார்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த மதலேனா மேட்டைப் பார்த்தாள். பிறகு, கிறிஸ்மஸுக்கு எடுத்த சேலை இல்லாத கொடியைப் பார்த்தாள்.

"ஏங்க, மரத்துல கட்டியிருக்குறது என் நத்தார் சேலையா?"

"ஆமா."

"எனக்குக் கட்டி அழகு பாக்கவே உங்களுக்குத் தோணல. முனிக்குக் கட்டத் தோணுச்சா?"

"ஒரு வேண்டுதல், மதலேனா."

"வேதக்காரனுக்கு முனிகிட்ட என்னங்க வேண்டுதல்?"

பதிலைப் பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா எடுத்துக் கொடுத்தாள். அவள் வாய்க்குத் தோட்டத்தில் வேலி கிடையாது. "என்னா இப்புடிக் கேக்குற? அண்ணன் ராவுல பயந்து பயந்து ஒளர்றது எங்க காம்பரா வரைக்கும் கேக்குது. அந்தோனியாருக்கும் சலிச்சிருக்கும். இவரு கைய மாத்திட்டாரு."

செய்தி கங்காணிக்குப் போனது. சடையன் கங்காணி மேட்டுக்கு ஏறிவந்து சேலையைத் தொட்டுப் பார்த்தார். லூக்காஸ் அடி வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார். கங்காணியின் கண்கள் கலங்கியிருந்தன.

"டேய் லூக்காசு! கும்புடுற பயலுக எல்லாம் தேங்கா மூடிக்கு அழுவுறானுங்க. வேதக்காரன் நீ பட்டு சாத்தியிருக்கடா!"

லூக்காஸ் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். கங்காணி அதற்குள் திருநீற்றை அள்ளிப் போட்டுவிட்டார். லூக்காஸுக்கு அந்தச் சனிக்கிழமையே உரக்கிடங்கு வேலை, அதாவது நிழலில் வேலை, கிடைத்தது. பயத்தினால் உண்மையை விழுங்கிய மனிதருக்கு, பிறகு அதைக் கக்குவதற்கு வசதியும் இல்லாமல் போயிற்று.

வேதக்காரனே பட்டு சாத்திய முனி என்ற பெயர் பக்கத்துப் பிரிவுகளுக்கும் பரவியது. வந்தவர்கள் எல்லாரும் சேலைக்கு மேல் சேலையாக, துண்டுக்கு மேல் துண்டாகக் கட்டினார்கள். வளையம் துணிக்குள் ஆழப் புதைந்தது. முன்பு வருஷத்துக்கு ஒருமுறை கூடிய கூட்டம் இப்போது வெள்ளிக்கு வெள்ளி கூடியது. பிள்ளைகளை மரத்தடியில் உருட்டி விளையாட விட்டார்கள். வயிற்றுப் பெண்கள் அதன் நிழலில் உட்கார்ந்து எழுந்தார்கள். லூக்காஸ் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏனென்றால், மேலே கொன்ற மரங்கள் என்ன ஆகின்றன என்பது அவருக்குத் தெரியும். அவற்றின் உச்சி வெளுத்தது. இலை மஞ்சளாகி உதிர்ந்தது. பிறகு காற்று இல்லாத நேரத்திலும் ஒரு கிளை தானாகக் கழன்று விழுந்தது. எப்போது விழும் என்று மரத்துக்கே தெரியாது. வெட்டுகிற மரம் சொல்லிவிட்டு விழும். முறியும், சாயும், ஓட நேரம் கொடுக்கும். நின்றபடி செத்த மரம் யாருக்கும் ஒன்றும் சொல்லாது. அதன் மௌனத்தை மரியாதை என்று நினைத்தது எவ்வளவு பெரிய பிழை என்று லூக்காஸ் கண்டுகொண்டார்.

முனிமரம் வயதானது, ஆகவே நிதானமாகச் செத்தது. ஆவணி வரைக்கும் பச்சையாகவே நின்று லூக்காஸுக்கு ஆசை காட்டியது. பிழைத்துவிட்டதோ என்று அவர் ஒரு மெழுகுதிரிகூட நேர்ந்துகொண்டார். ஐப்பசியில் உச்சியில் ஒரு கைப்பிடி மஞ்சள் தெரிந்தது. கார்த்திகையில் அந்த மஞ்சள் தோளுக்கு இறங்கியது. துணிகளின் மடிப்பில் மாவு மாதிரி ஒரு தூள் கொட்டத் தொடங்கியது. கங்காணி அதை முனி கொடுத்த விபூதி என்று பூசிக்கொண்டார். அது வண்டு துளைத்த மரத்தூள் என்று லூக்காஸுக்குத் தெரியும். காதை மரத்தில் வைத்தால் உள்ளே நெறுநெறுவென்று தின்கிற சத்தம் கேட்டது. ஒருநாள் மத்தியானம் கைத் தடிமனில் ஒரு கிளை விழுந்து, கடைசிக் காம்பராவின் தகரத்தைக் கிழித்துக்கொண்டு, றோசாலியின் தொட்டில் கயிற்றுக்குப் பக்கத்தில் செருகி நின்றது. குழந்தை அதைப் பிடித்து ஆட்டிச் சிரித்தது.

லூக்காஸ் கிளையை வெளியே போட்டுவிட்டு வந்து, தொட்டிலை அவிழ்த்து மறுமூலையில் கட்டினார்.

"மதலேனா, நீயும் புள்ளையும் லுணுகலையில ஒங்க அக்கா வீட்டுக்குப் போய் இருந்துட்டு வாங்களேன். மழ முடியட்டும்."

"நான் போனா எவள இங்க குடி வைக்கப் போறீங்க?"

"யாத்தே! நான் எவளக் கண்டேன்?"

"சேல போனப்பவே எனக்குச் சந்தேகந்தான். மரத்துக்குக் கட்டுனது கணக்கு காட்டக் கட்டுனதுன்னு ரெங்கம்மாகூடச் சொல்லிச்சு. நான் போகமாட்டேன்."

அவர் கண்டாக்கையாவிடம் போய் வேறு காம்பரா கேட்டார்.

"ஏன், உமக்கு அங்க என்ன குறை?"

"மரங்க, அய்யா."

"முனி உம்மட ஆள் எண்டு தோட்டமே சொல்லுது. நீரே அதுக்கடியில இருக்கப் பயந்தால் மற்றவன் எப்பிடி இருப்பான்? போம்."

மற்றவன் எப்படி இருப்பான் என்பதுதான் லூக்காஸையும் தின்றது. தன் பெண்டாட்டி பிள்ளையை எப்படியாவது கிளப்பிவிட்டாலும், அந்த இடத்துக்கு இன்னொருவனுடைய பிள்ளை வந்து தொட்டில் கட்டும். சொன்னால் கங்காணி தோலை உரிப்பார், பெயர் வெட்டுவார். பெயர் வெட்டினால் லயம் இல்லை. லயம் இல்லாதவனைச் சர்க்கார் மறுபடி எந்த நாட்டான் என்று கேட்கும். சொல்லாவிட்டால் மரம் விழும். இரண்டு பக்கமும் கத்தி வைத்த மாதிரி, உரிபடாமல் மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான்.

மார்கழி மழை பிடித்துக்கொண்டது. மடுல்சீமை மலை முழுக்கக் கரைந்து ஓடுகிற மாதிரி மழை. ரோட்டில் மண் சரிந்து லாரி வரவில்லை. முனிமரத்தில் இப்போது ஓர் இலைகூட இல்லை. மரம் காய்ந்துபோனது ஜனங்களுக்கும் தெரிந்துவிட்டது. காரணம் மட்டும் தெரியவில்லை. தெரியாத காரணத்துக்குப் பரிகாரம் சொல்வது பூசாரியின் வேலை.

"முனிக்குப் பசி," என்றார் சடையன் கங்காணி. "அதான் எலைய உதுத்துட்டாரு. ஞாயித்துக்கெழம கிடா வெட்டு. குஞ்சு குளுவானோட லயமே மரத்தடியில ஒக்காந்து சாப்புடணும். ஒருத்தர் கொறைஞ்சாலும் தெய்வக் குத்தம். லூக்காசு, மொதப் பட்டு சாத்துனவன் நீ. விளக்கு நீதான் பிடிக்கணும்."

ஞாயிறு பிற்பகல் மழை சற்று ஓய்ந்தது. லயம் முழுக்க மரத்தடியில் கூடியது. கறுப்புக் கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஈர மண்ணில் வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரிய சட்டியில் பொங்கல் கொதித்தது. றோசாலியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரோடு ஒத்துப்போக, மதலேனாவும் வந்து ஓரமாக நின்றாள். கிடா மட்டும் நடக்கப்போவது தெரிந்து கத்தியது. லூக்காஸ் விளக்கோடு மரத்தை ஒட்டி நின்றார்.

அப்போது பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி வந்தது. பெரிய காற்றுகூட இல்லை. லூக்காஸின் முதுகு மரத்தில் சாய்ந்திருந்தது. மரத்துக்குள்ளே, வளையத்துக்குக் கொஞ்சம் மேலே, யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். வேறு யாருக்கும் கேட்கவில்லை. அவருடைய முதுகெலும்புக்கு மட்டும் கேட்டது.

விளக்கு கையிலிருந்து விழுந்தது.

"எந்திரிங்க!" என்று லூக்காஸ் கத்தினார். அந்தக் குரலை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. "எல்லாரும் எந்திரிச்சு ஓடுங்க! மரம் விழப்போவுது! நாந்தான் கொன்னேன்! பட்டைய உரிச்சது நாந்தான்!"

யாரும் எழுந்திருக்கவில்லை. ரெங்கம்மா பக்கத்திலிருந்தவளிடம், "அருள் வந்துருச்சு," என்றாள். இரண்டொருவர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கங்காணி உடுக்கையை எடுத்தார்.

"அருள் இல்லங்க! உம்மதான்!"

"சாமி எப்பவும் உம்மதாண்டா சொல்லும். சொல்லு சாமி, வேற என்னா வேணும்?"

லூக்காஸ் அழுதுகொண்டே துணிகளைப் பிய்த்தார். துண்டுகள், மஞ்சள் சீலைகள், பட்டுகள், ஒவ்வொன்றாக. ஜனங்களின் வாயிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. கடைசியாக மதலேனாவின் நத்தார் சேலை, செல்லரித்து, கையில் மாவாக உதிர்ந்தது. மண்ணும் பாசியும் பெயர்ந்து விழுந்தன. மரத்தின் இடுப்பில், கத்தி வெட்டு நேர்த்தியாகத் தெரிய, கறுத்து ஓட்டை விழுந்த ஒரு முழ வளையம். ஓட்டைகளிலிருந்து வண்டுகள் வெளியே வந்து எட்டிப் பார்த்தன.

உடுக்கை நின்றது. சடையன் கங்காணி கிடா வெட்ட வைத்திருந்த அரிவாளைக் கையில் எடுத்தார்.

"எந்தத் தைரியத்துலடா கை வச்ச?"

"தைரியம் இல்லங்க, கங்காணியாரே. பனியில தெரியல. சுண்ணாம்பு வளையம் போட்டிருந்துச்சுங்க. கண்டாக்கையா போட்ட மாதிரியே இருந்துச்சுங்க."

"நம்ம முனிக்கு யாரு சுண்ணாம்பு பூசுனது?" என்று ரெங்கம்மா கேட்டாள். அவளுக்கு எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று தெரியாது. அன்றைக்கு அது ஓர் உயிரைக் காப்பாற்றியது. லயம் முழுக்க மெல்லத் திரும்பிக் கங்காணியைப் பார்த்தது. காட்டு மரங்களுக்குப் போடக் கண்டாக்கையா கரைத்து வைத்த வாளியில் மிச்சம் இருந்ததை, திருவிழாவுக்கு ஆகட்டும் என்று தூக்கிவந்து, அதே மட்டையால், அதே உயரத்தில், முனிக்கும் ஒரு வளையம் போட்டது யார் என்பது எல்லாருக்கும் தெரியும். தோட்டத்துச் சுண்ணாம்பைக் கோயிலுக்கு எடுத்தது தெரிந்தால் பெரியதொரை கங்காணியின் பெயரையும் வெட்டுவார் என்பது கங்காணிக்குத் தெரியும்.

அரிவாள் கீழே இறங்கியது. அதே நேரம் மரத்துக்குள் மறுபடி பல்லைக் கடிக்கிற சத்தம். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது.

பயம் அதுவரை லூக்காஸின் தனிச்சொத்தாக இருந்தது. ஒரு நொடியில் அது பொதுச்சொத்தாயிற்று. பொங்கலை விட்டு, கிடாவை விட்டு, கம்பளிகளை விட்டு, பிள்ளைகளை மட்டும் வாரிக்கொண்டு ஜனம் மேட்டைவிட்டு உருண்டது. கங்காணி முன்னால் ஓடினார், தலைவர் என்ற முறையில். லூக்காஸ் லயத்தின் ஒவ்வொரு காம்பராக் கதவையும் தட்டி, படுத்துக்கிடந்த காய்ச்சல்காரர்களை இழுத்து வெளியே போட்டார். பயந்து ஓடுகிறவர்கள் வழக்கமாக ஒரு திசையில் ஓடுவார்கள். அவர் பயத்திலேயே திரும்பத் திரும்ப மரத்தடிக்கு ஓடினார். பொழுது சாய்வதற்குள் லயமே காலியாகி, எதிர்மேட்டில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் நெருக்கிக்கொண்டு நின்றது.

மரம் அன்றைக்கு விழவில்லை. மறுநாள் காலையிலும் விழவில்லை. மடுவத்துக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. அடுப்பு அங்கே, அரிசி அங்கே, இந்தப் பயந்தாங்கொள்ளி பேச்சைக் கேட்டு வந்தோமே என்றார்கள். இரண்டு பேர் போய்ச் சாமான் எடுத்துவருவதாக மழையில் இறங்கினார்கள். லூக்காஸ் ஓடிப்போய் அவர்களுடைய காலைக் கட்டிக்கொண்டு சேற்றில் புரண்டார். உதைத்தார்கள். விடவில்லை.

அவர்கள் உதைத்துக்கொண்டிருக்கும்போது முனிமரம் விழுந்தது. காற்றே இல்லை. வளையத்துக்கு மேலே மரம் ஒருமுறை முகத்தைத் திருப்பியது. பிறகு அவசரமில்லாமல், களைத்தவர் உட்கார்வது போல், லயத்தின் மேல் உட்கார்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. தகரங்கள் தாள்களாகப் பறந்தன. கடைசிக் காம்பராவும் அடுத்ததும் அதற்கடுத்ததும் இருந்த இடத்தில் செம்மண் புழுதி எழும்பி, மழையில் உடனே அடங்கியது.

மதலேனா றோசாலியை மார்போடு இறுக்கினாள். குழந்தைக்கு மூச்சுத் திணறி அழுத பிறகுதான் பிடியைத் தளர்த்தினாள். அவள் கணவனை ஏசவில்லை. சேற்றில் கிடந்த அவரிடம் போய் நின்று, "எந்திரிங்க," என்றாள். அவர் அந்த இரண்டு பேரின் கால்களை இன்னும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கண்டாக்கையா இரகுநாதன் குடையோடு வந்து அடிமரத்தைச் சுற்றிப் பார்த்தார். கத்தி வெட்டு சுத்தமாக இருந்தது.

"கங்காணி, இது என்ன? இந்த மரத்துக்கு நான் வளையம் போடேல்லையே."

"காத்துங்க அய்யா," என்றார் சடையன் கங்காணி.

"காத்து பட்டை உரிக்குமோ?"

"இந்த மலக்காத்து உரிக்குங்க."

கண்டாக்கையா சுண்ணாம்பின் மிச்சத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். தம்முடைய வாளியை யோசித்தார். அதற்குத் தொரையிடம் தாம் சொல்ல வேண்டிய பதிலையும் யோசித்தார். "பேய்க் காத்துத்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார். லூக்காஸின் பெயர் பெரட்டில் வெட்டப்படாமல் தப்பியது. ஆனால் கங்காணி அன்றிலிருந்து அந்தப் பெயரைக் கூப்பிடும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. லூக்காஸ் போன இடமெல்லாம் ஜனங்கள் விலகி வழி விட்டார்கள். அது மரியாதையா அருவருப்பா என்று கேட்க அவர் பயந்தார்.

மூன்றாம் நாளும் மழை. மடுவத்தில் நூறு பேருக்கு மேல் ஈரத்தில் நடுங்கினார்கள். பிள்ளைகள் இருமின. விறகு எல்லாம் நனைந்து கிடந்தது. காய்ந்த விறகு என்று அந்த மலையில் இருந்தது ஒன்றுதான்: எதிரே லயத்தின் மேல், செத்து மாதக்கணக்காகிய வாகை, உள்ளெல்லாம் உலர்ந்து, மலைபோல. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முனி இருந்த மரம், எரித்தால் தெய்வக் குற்றம்.

ரெங்கம்மா எழுந்தாள். "மரம் விழுந்த பொறகு அவருக்கு அங்க என்னா வேல? எறங்கிப் போயிருப்பாரு. புள்ளைக வெறைச்சுச் சாவுது," என்று சொல்லிவிட்டுக் கத்தியோடு போனாள். ஒரு கட்டு விறகோடு திரும்பி வந்தாள். அடுப்பு மூட்டினாள். அது மணத்தோடு, மளமளவென்று எரிந்தது. தேத்தண்ணி கொதித்தது. ஊற்றினாள். கிண்ணங்களைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் அவளே குடித்தாள். லயம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பிறகு பிள்ளைகள் குடித்தன, மதலேனா குடித்தாள், கங்காணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தார்.

"அண்ணே, உங்களுதும் ஆறுது," என்றாள் ரெங்கம்மா.

லூக்காஸ் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடித்தவர்களை ஒவ்வொருவராக, றோசாலியிலிருந்து தொடங்கி, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் பார்த்து முடித்தபோது தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியும் நம்பாமல், மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்.